சீன மருந்துக்குப் பத்தியம்

விக்னராஜாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரியவந்த கிழமையில் பலெர்மோவில் இருந்த தமிழர் எல்லாரும் வைத்தியர்களானார்கள். மாடிப்படி கழுவுகிறவர், கிழவியைப் பார்க்கிறவர், நாயை நடத்திக்கொண்டு போகிறவர் என்று ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மருந்து இருந்தது. ஒருவர் தூதுவளை என்றார். சிசிலியில் தூதுவளை எங்கே முளைக்கிறது என்று கேட்டதற்கு, அது உங்கடை பாடு என்றார். இன்னொருவர் வெறுங்காலோடு பெல்லெக்ரீனோ மலை ஏறி, ஊரின் காவல் புனிதையான சாந்தா றொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னார். விக்னராஜாவுக்குச் சொந்த வீட்டுப் படி ஏறவே மூச்சு முட்டியது. ஆகவே அவருக்குப் பதிலாகச் செல்வராசா ஏறினான். இறங்கும்போது கால் பிரண்டு சில நாள் நொண்டினான். "நோய் ஆருக்கு, நேர்த்தி ஆருக்கெண்டு அந்தத் தாய் குழம்பிப் போனா போல" என்று அவனே எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தான்.

சிரிப்பதும் சிரிக்கவைப்பதும்தான் செல்வராசாவின் வேலை. சம்பளத்துக்கு ஒரு பீற்சாக் கடையில் கோப்பை கழுவினான், அது வேறு. கலியாணவீடு, சாமத்தியவீடு எதுவென்றாலும் மைக்கை அவனிடம் கொடுப்பார்கள். திருப்பி வாங்குவதுதான் கஷ்டம். ஊரிலிருந்து வந்து இறங்கிய புதிதில் அவனுக்குப் பாய் போட்டுக் கொடுத்தது விக்னராஜாவும் மனைவி ஞானம்பிகையும்தான். பிள்ளை இல்லாத வீடு. கபோ சந்தைக்கு நேர் மேலே, மூன்றாம் மாடி. பால்கனியில் நின்றால் கீழே மீன்கடைகளின் சிவப்புத் துணிக்கூரை தெரியும். தோத்தோ என்ற தடியன் காலையிலிருந்து பெரிய சட்டியில் எட்டுக்கால் சாக்குக் கணவாய் அவித்து, வெட்டி, தேசிக்காய் பிழிந்து விற்பான். அவன் கூவுகிற சத்தம் விக்னராஜாவின் கட்டில்வரைக்கும் வரும். மணம் அதற்கு முன்னரே வந்துவிடும்.

யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்த அடுத்த வருசம் அது. ஊர்க்கவலையோடு வீட்டுக்குள்ளேயும் ஒரு கவலை வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றிப் பார்த்தார்கள். பிறகு, இனி உடம்பு தாங்காது என்று நோவுக் குளிசைகளைத் தந்து வீட்டுக்கு விட்டார்கள். அந்த நேரத்தில்தான் சிஞ்ஞோரா என்கிற இத்தாலிய எசமானியம்மா குறுக்கிட்டார்.

பொலிதேயாமாப் பக்கம் அந்தச் சிஞ்ஞோராவின் வீட்டில் ஞானம்பிகை வேலை செய்தார். சிஞ்ஞோரா தலைமயிர் வெட்டப் போன இடத்தில் ஒரு சஞ்சிகை படித்திருந்தார். சீனர்கள் வேரும் பட்டையும் அவித்துக் கொடுத்து நெஞ்சுக்குள் இருக்கிற கட்டியைக் கரைக்கிறார்கள் என்று அதில் இருந்ததாம். அடுத்த பக்கத்தில் கரட் தின்றால் வயது குறையும் என்றும் இருந்ததாம். ஞானம்பிகை முதல் பக்கத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டார்.

"தம்பி, நீதான் இத்தாலி நல்லாக் கதைப்பாய். ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு சீனக் கிழவன் மருந்து குடுக்கிறானாம். படத்தைக் கொண்டுபோய்க் காட்டி வாங்கிக்கொண்டு வா. பத்தியத்தையும் வடிவாக் கேட்டுக்கொண்டு வா."

கடையின் முன்பக்கம் குடையும் விளையாட்டுச் சாமானும். பின்பக்கம் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். உள்ளே போனதும் செல்வராசாவின் மூக்கு ஒருகணம் யாழ்ப்பாணத்து மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பியது. அதிமதுரம் இருந்தது, சுக்கு இருந்தது, மற்றதெல்லாம் தெரியாத மணம். கிழவருக்கு இத்தாலி வராது. அவருடைய மருமகள் மொழிபெயர்த்தாள். அவள் கதைத்த பலெர்மோச் சந்தைப் பேச்சைக் கேட்டால் தோத்தோவின் தங்கச்சி என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

கிழவர் எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருமல் எப்படி, நித்திரை எப்படி, இரத்தம் வருகிறதா என்று கேட்டார். பிறகு இழுப்பறைகளைத் திறந்து வேர், பட்டை, காய்ந்த தோடம்பழத் தோல், காளான் மாதிரி ஏதோ ஒன்று என்று எடுத்து நிறுத்துக் கட்டினார்.

"மாமா சொல்லுறார், இது அந்த நோயை மாற்றாதாம்" என்றாள் மருமகள். "இருமல் கொஞ்சம் அடங்குமாம். பசி வருமாம். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக் குளிசையை நிற்பாட்ட வேண்டாமாம்."

"சரி. என்னென்ன சாப்பிடக்கூடாது?"

அவள் அதைக் கிழவரிடம் கேட்டாள். கிழவர் கட்டிக்கொண்டிருந்த நூலை விட்டுவிட்டுச் செல்வராசாவைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"அவருக்கு என்ன விருப்பமோ அதைக் கொடுக்கட்டாம்."

செல்வராசா பகிடிக்காரன்தான், ஆனால் விசரன் இல்லை. அவனுடைய தகப்பன் நோயில் கிடந்தபோது இதே வசனத்தை ஊர்ப் பரியாரியார் முற்றத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னவர்: விரும்பினதைக் குடுங்கோ. அன்று பின்னேரமே பெரியப்பா செத்தவீட்டுப் பந்தலுக்குக் கிடுகு பார்க்கப் போய்விட்டார். யாழ்ப்பாணத்தான் ஒருத்தனுக்கு அந்த வசனத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. ஞானம்பிகைக்கும் தேவையில்லை.

வழிநெடுக அந்த வசனத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தான். படியேறினால், ஞானம்பிகை வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் மாடிப்படியில் நின்றார்.

"தந்தவரோ?"

"தந்தவர்."

"பத்தியம்?"

செல்வராசா பையை மற்றக் கைக்கு மாற்றினான்.

"இருக்கு" என்றான்.

அவருடைய தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதை அவன் பார்த்தான். பத்தியம் இருக்கிறது என்றால் அது மாறுகிற சாதி நோய். மாறாத நோய்க்கு யார் பத்தியம் சொல்வார்கள்?

"கடும் பத்தியமோ?"

"கடும் பத்தியம், அக்கா."

அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் மைக்கைக் கையில் எடுத்தவன் எங்கே வைத்தான்? "நண்டு, இறால், கணவாய் வாசல் மிதிக்கக்கூடாதாம். மீனும் கூடாது. கத்தரிக்காய், தக்காளி, புளி. பொரிச்சது ஒண்டும் வேண்டாம். கோப்பி கண்ணிலயும் காட்டக்கூடாதாம்." அவர் தலையாட்டத் தலையாட்ட இவனுக்கு ஊக்கம் வந்தது. யோசித்துப் பார்த்தால், விக்னராஜாவுக்கு விருப்பமானவற்றைத்தான் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு போயிருந்தான். வேறெதை அவன் அறிவான்? அந்த வீட்டில் எத்தனை வருசம் சாப்பிட்டவன்.

"உப்பு?" என்று கேட்டார் ஞானம்பிகை.

"உப்புப் போடலாம்" என்று இரக்கம் காட்டினான். பிறகு, மருந்தின் மரியாதை குறைந்துவிடுமோ என்று பயந்து, "பாதி உப்பு" என்றான்.

*

மருந்து கிழவர் சொன்னபடியே வேலை செய்தது. அதுதான் பெரிய கொடுமை.

ஞானம்பிகை அதை ஊரில் குடிநீர் காய்ச்சுகிற மாதிரி, எட்டுக்கு ஒன்றாக வற்றும்வரை அடுப்பில் வைத்தார். மாடிப்படி முழுக்கக் கசப்பு மணம். கீழ்வீட்டுக் கிழவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, யாரையாவது புதைக்காமல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்று கட்டிலில் இருந்தபடி விக்னராஜா பதில் சொன்னார். சில கிழமையில் இருமல் அடங்கியது. ஞானம்பிகை கற்பூரம் கொளுத்தினார். பிறகு பசி வந்தது.

மாதக்கணக்காக ஒரு பிடி சோறும் இறங்காத மனுசனுக்குப் பசி வந்தது. காலையில் பசி, மத்தியானம் பசி. கிடைத்தது கஞ்சி. கூடவே குக்குட்சா. குக்குட்சா என்பது பலெர்மோக்காரர் கோடையில் தின்னுகிற ஆள் நீளச் சுரைக்காய். அவித்தால் தண்ணீர், அவிக்காவிட்டால் தடி. அதைப் பாதி உப்பில் அவித்து, தூள் போடாமல், கரண்டியால் ஊட்டினார் ஞானம்பிகை.

"இஞ்சரும், ஒரு பச்சைமிளகாயைக் காட்டிப்போட்டாவது எடுமன்."

"வாயைத் திறவுங்கோ. மாறினாப் பிறகு தின்னலாம்."

கீழே தோத்தோ கூவினான். சட்டி மூடி திறக்கிற சத்தமே மேலே கேட்டது. ஞானம்பிகை எழும்பிப் போய்ப் பால்கனிக் கதவைச் சாத்தினார். அந்தக் கோடையில், அந்த அறையில், நுரையீரல் பழுதான மனுசனுக்குக் காற்றும் பத்தியத்தில் சேர்ந்தது.

செல்வராசா பின்னேரங்களில் வருவான். நாளுக்கு நாள் விக்னராஜாவின் முகத்தில் கண் மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமைக் கோயில் மோதகத்தை அவன் மறந்துபோய்ச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்த நாளில் அந்தக் கண் பையை விட்டு அசையவில்லை.

"டேய் செல்வா" என்று குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சீனனுக்கு நண்டெண்டால் என்னண்டு தெரியுமோ? எங்கடை நண்டை யோசிச்சுச் சொன்னவனோ, தன்ரை நண்டை யோசிச்சுச் சொன்னவனோ? ஒருக்காக் கேட்டுப் பார்."

"கேக்கிறன், அண்ணை."

மருந்து முடிந்து மறுபடி வாங்கப் போனபோது கிழவரே கேட்டார்: பசிக்கிறதா?

"நல்லாப் பசிக்குது."

"என்ன சாப்பிடுறார்?"

"கஞ்சி."

மருமகள் மொழிபெயர்க்கக் கிழவர் நெற்றியைச் சுருக்கினார். கஞ்சிதான் அவருக்கு விருப்பமா என்று கேட்டார். செல்வராசா தரையில் கிடந்த பிளாஸ்ரிக் வாத்து ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எங்கடை ஆக்களுக்குப் பத்தியம் இல்லாட்டி மருந்தெண்டு நம்பிக்கை வராது" என்றான். கிழவர் அதைக் கேட்டு, சிரிப்பார் என்று இவன் எதிர்பார்த்த இடத்தில் சிரிக்கவில்லை.

"பசி கனநாளைக்கு நிற்காதாம்" என்றாள் மருமகள். "நிற்கிற மட்டும் கொடுக்கட்டாம்."

அன்றைக்குச் செல்வராசா உறுதியோடுதான் படியேறினான். அடுப்படியில் நின்ற ஞானம்பிகையிடம், முடிந்தமட்டும் சாதாரணமாக, "அக்கா, கிழவர் சொன்னவர், இனி எல்லாம் சாப்பிடலாமாம்" என்றான்.

அவருடைய கையிலிருந்த அகப்பை சட்டிக்கு மேலே நின்றது.

"ஏன்?"

"ஏனெண்டால்... சும்மா. விருப்பமானதைக் குடுக்கட்டாம்."

ஞானம்பிகை அடுப்பைப் பிடிக்கப் பார்த்து, சூடு பட்டு, கையை எடுத்து, பிறகு அப்படியே தரையில் இருந்துவிட்டார். வாய் மட்டும் திறந்து மூடியது.

"பகிடி, அக்கா" என்றான் செல்வராசா. "பகிடிக்குச் சொன்னனான். பத்தியம் பத்தியம்தான். இன்னும் இறுக்கிப் பிடிக்கட்டாம்."

அவர் எழும்ப நேரம் எடுத்தது. எழும்பி, அவனைப் பார்க்காமலே சொன்னார்: "இனிமேல் இந்த வீட்டுக்குள்ள நீ பகிடி விடக்கூடாது, தம்பி."

ஆக, பத்தியத்தில் பகிடியும் சேர்ந்தது.

*

கபோ சந்தைக்கு நண்டு எப்போதாவதுதான் வரும். வந்தாலும் ஊர் நண்டின் பேரப்பிள்ளை மாதிரித்தான் இருக்கும். ஒருநாள் வந்தது. ஞானம்பிகை சிஞ்ஞோரா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, செல்வராசா தன் அறையில் யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுக் காய்ச்சி, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, திருடன் மாதிரிக் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து அவிழ்த்தான்.

விக்னராஜாவின் மூக்கு முதலில் எழும்பியது. ஆள் பிறகுதான் எழும்பினார்.

"என்னடா இது?"

"சாப்பிடுங்கோ, அண்ணை. அக்கா வர நேரம் கிடக்கு."

அவர் கை சட்டிவரைக்கும் போனது. விளிம்பைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"வேண்டாமடா."

"அண்ணை..."

"வேண்டாம். இவ்வளவு நாள் இழுத்துப் பிடிச்சிட்டன். இருமல் நிண்டது பாத்தனிதானே? பசிக்குது பாத்தனிதானே? மருந்து வேலை செய்யுது. இதைத் திண்டு நானே கெடுத்துப்போட்டு, அவளின்ரை முகத்தில என்னண்டு முழிக்கிறது?" மூச்சு வாங்க நிறுத்தினார். "மாறட்டும். நீயும் நானும் கீழ இறங்கிப் போய்த் தோத்தோவின்ரை சட்டியைக் கவிட்டுப்போட்டுத்தான் மேல வாறது."

பத்தியம் ஒன்றும் இல்லை, அண்ணை, நான் சொன்ன பொய். அந்த வசனம் செல்வராசாவின் தொண்டைவரைக்கும் வந்தது. பொய் என்றால் அவர் அடுத்ததாகக் கேட்கப்போவது ஒன்றுதான்: அப்ப உண்மையிலை அவன் என்ன சொன்னவன்? செல்வராசா மூடியை எடுத்தான்.

"மூடாதை" என்றார் விக்னராஜா. "மணக்கிறதுக்கும் பத்தியம் சொன்னவனோ?"

"இல்லை."

அவர் சட்டிக்கு மேலே குனிந்து இழுத்தார். அந்த நுரையீரலில் எவ்வளவு இடம் மிச்சமிருந்ததோ அவ்வளவையும் நண்டுக் கறியால் நிரப்பினார். இருமல் வந்தது. இருமி முடித்து மறுபடி இழுத்தார். பிறகு தலையணையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "நீ தின்."

"நானோ?"

"நீதான். நான் பாக்கிறன். ருசியைச் சொல்லிச் சொல்லித் தின்."

செல்வராசா தின்றான். காலை உடைத்துச் சூப்பினான். "உறைப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு, அண்ணை." "நல்லது, நல்லது." "சதை இனிப்பாக் கிடக்கு." "கொடுக்கை விடாதை, அதுக்குள்ளதான் சாமான்." கலியாண வீடுகளில் ஊரையே சிரிக்கவைத்தவன், பசித்த மனுசனுக்கு முன்னால் இருந்து, வாய் நிறைய நண்டோடு நேர்முக வர்ணனை செய்தான். ஒவ்வொரு வாய்க்கும் விக்னராஜா வெறும் மிடறு விழுங்கினார். இரண்டுபேருக்கும் கண்ணில் தண்ணீர் ஓடியது. உறைப்பு என்று இரண்டுபேரும் சொல்லிக்கொண்டார்கள்.

சிஞ்ஞோராவுக்கு அன்று தலையிடி. ஞானம்பிகையை நேரத்தோடு அனுப்பிவிட்டார்.

கதவைத் திறந்தவர் பார்த்தது: கட்டிலில் வாய் ஊறிக்கொண்டு தன் புருசன், கட்டில் விளிம்பில் நண்டுக்கால் சூப்பிக்கொண்டு செல்வராசா.

"மனுசனோடா நீ?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பசிச்சுக் கிடக்கிறவருக்கு முன்னால இருந்து சூப்பிறியே. இந்த வீட்டுச் சோறு திண்டு வளந்த வாய்தானே அது?"

"நான்தானப்பா சொன்னனான்..." என்று தொடங்கிய விக்னராஜாவை இருமல் மறித்தது. ஞானம்பிகை சட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய் அப்படியே கவிழ்த்தார். நண்டும் குழம்பும் தோத்தோவின் சிவப்புத் துணிக்கூரையில் விழுந்தன. மேலே பார்த்துத் தோத்தோ நன்றி சொன்னான். பிறகு ருசியும் பார்த்திருக்கவேண்டும்; கொஞ்ச நேரம் கழித்து, இதை யார் சமைத்தது என்று கூவிக் கேட்டான்.

பசி கனநாளைக்கு நிற்கவில்லை. கிழவர் அதையும் சரியாகத்தான் சொல்லியிருந்தார். ஆவணி வெக்கையில் ஒரு மத்தியானம், ஞானம்பிகை கரண்டியைக் கொண்டுபோக, "இண்டைக்கு என்ன?" என்று கேட்டார் விக்னராஜா. குக்குட்சா என்றார் ஞானம்பிகை. "ம்" என்றார் விக்னராஜா. கடைசியாகச் சொன்னது அதுதான். ஒரு மனுசன் உலகத்தைவிட்டுப் போகும்போது சுரைக்காய்க்குச் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்.

*

எட்டுச்செலவு என்பது செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். அன்றைக்கு ஞானம்பிகை யாரையும் அடுப்படிக்குள் விடவில்லை. நண்டுக் கறி, இறால் பொரியல், கணவாய்ப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, புளிக்குழம்பு, கோப்பி. எல்லாவற்றுக்கும் உப்பு முழுசாக. சாக்குக் கணவாயைத் தோத்தோவே தேசிக்காயோடு மேலே கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு போனான். வாழையிலை இல்லாமல் வெள்ளிக் காகிதத்தில், விக்னராஜாவின் படத்துக்கு முன்னால், பத்தியம் முழுக்க வரிசையாகப் பரவியிருந்தது. முறை தெரிந்த ஒருவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துப் பக்கத்தில் வைத்தார். புகை நேரே படத்தின் முகத்துக்குப் போனது.

செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். ஆம்பிளைகள் காற்றுக்குக் கீழே இறங்க, மாடிப்படியில் ஞானம்பிகையும் செல்வராசாவும் மிஞ்சினார்கள். நண்டுச் சம்பவத்துக்குப் பிறகு அவர் அவனோடு கதைத்ததில்லை.

"செல்வா."

"சொல்லுங்கோ, அக்கா."

"நான் எங்கை பிழைவிட்டனான்?"

அவன் வாய் திறக்க முதல் அவரே தொடர்ந்தார்.

"ஒண்டும் பிசகேல்லை. மீன் தொடேல்லை, புளி தொடேல்லை. ஆனால் ஒருநாள், ஆடி அமாவாசைக்கு முதல்நாள், கஞ்சியில உப்புக் கூடிப்போச்சு. நான் வாயில வச்சுப் பாக்காமல் குடுத்திட்டன். அவர் 'இண்டைக்கு நல்லாக் கிடக்கு' எண்டு குடிச்சவர். நீ பாதி உப்பெண்டனி." அவர் அவனுடைய முகத்தைத் தேடிப் பார்த்தார். "அதுதானோ, தம்பி? அந்த உப்புத்தானோ?"

மருந்தின் மரியாதைக்காகச் சேர்த்த சொல். அது இத்தனை நாளும் இந்த மனுசியின் நெஞ்சுக்குள் கிடந்து அரித்திருக்கிறது.

உண்மையைச் சொல்லலாம். உப்பு இல்லை, அக்கா, ஒன்றுமே இல்லை, அந்த மனுசன் ஆசைதீர நண்டு தின்றுவிட்டே போயிருக்கலாம். அதைக் கேட்டபிறகு அந்தக் கதவைத் திறந்து உள்ளே போய், அந்தப் படையலை அவர் எப்படிப் பார்ப்பார்?

"உப்பில்லை" என்றான் செல்வராசா. "நான்தான்."

"என்ன?"

"மணமும் கூடாதெண்டு கிழவர் சொன்னவர். உங்களுக்குச் சொல்ல மறந்துபோனன். அண்டைக்கு நான் நண்டைக் கொண்டுவந்து திறந்தன். அண்ணை மணந்தவர். அதோடதான் மருந்து முறிஞ்சது." சொல்லும்போதே அது உண்மை மாதிரி வடிவாக வந்தது. மைக்குப் பிடித்த வாய். "நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை, அக்கா. நீங்கள் வச்ச பத்தியத்தில அவர் மாறியிருப்பார்."

ஞானம்பிகையின் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. இதே படியில், அன்று 'இருக்கு' என்றபோது இறங்கிய மாதிரியே. அவர் அவனை அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் சந்தோசமாக வாங்கியிருப்பான். அவர் மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். முகத்தில் ஏதோ தெளிந்திருந்தது.

"கீழ போ" என்றார். "என்ரை புருசனுக்குப் படைச்ச சோறு உனக்கு இல்லை. இந்தப் படியும் இனி ஏறாதை."

"ஓம், அக்கா."

அவன் படியிறங்கினான். மேலே கதவு திறக்கிற சத்தமும் பெண்கள் கூடி அழத் தொடங்குகிற சத்தமும் கேட்டன. இடையில் ஞானம்பிகையின் குரல் தனியாக, உரத்து, தடுமாற்றம் இல்லாமல் வந்தது: அந்தச் செல்வராசாதான் கொன்றதாம், அவனே வாயால் சொன்னானாம்.

சந்தை வெயிலில் மேல்வீட்டு நண்டுக்கறி மணந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு. அவனைக் கண்ட தோத்தோ, சட்டிக்குள் கையைவிட்டு ஒரு காலை இழுத்து வெட்டித் தேசிக்காய் பிழிந்து நீட்டினான். "சாப்பிடு, செல்வா. முகம் வெளிறிக் கிடக்கு."

"வேண்டாம். எனக்குக் கூடாது."

"யார் சொன்னது?"

"டொக்டர்" என்றான் செல்வராசா.

தோத்தோ வயிறு குலுங்கச் சிரித்தான். பக்கத்துக் கடைக்காரனுக்கும் சொன்னான், அவனும் சிரித்தான். செல்வராசா எதைச் சொன்னாலும் அந்தச் சந்தை சிரிக்கும்.